எட்டு பத்துக்கு மஞ்சள் குடை

— கையை எடுங்க மாமா, நான் ஒண்ணும் மூடல. எது மெமரியை இப்படித் தின்னுதுன்னு பாக்கறேன், அவ்வளவுதான்.

— பாக்கறதைப் பாரு. ஆஃப் மட்டும் பண்ணிடாதே. போன வாரம் உன் வீட்டுக்காரன் வந்து, “அப்பா, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும்”னான். விரட்டி விட்டுட்டேன்.

— அவர் சொன்னது சரிதான். ஆஸ்பத்திரியில நூறு கம்ப்யூட்டரை மேய்க்கிறேன், எனக்கும் அதுதான் முதல் வைத்தியம். இருங்க இருங்க... தொண்ணூத்தேழு சதவீதம்! மூச்சு விட இடமில்லாம கெடக்கு பாவம்.

— அதாகப்பட்டது, வைரஸா?

— வைரஸெல்லாம் இல்ல. ப்ரவுசர் ஒண்ணே மொத்தத்தையும் முழுங்கியிருக்கு. எத்தனை டேப் தொறந்து வெச்சிருக்கீங்க?

— ஒரு நாலஞ்சு இருக்கும்.

— முப்பத்தெட்டு.

— இருக்கும், இருக்கும்.

— எல்லாத்துக்கும் ஒரே பேரு. அட, இது நெட்ல நேரடியா ஓடுற அந்த ரோட்டு சிக்னல் கேமராதானே! உங்க பொண்ணு இருக்கிற ஊர்ல மழை பெய்யுதான்னு ஒரு நாள் கேட்டீங்களே, நான்தானே தொறந்து காட்டினேன்?

— ஆமா. மழைதான் பாக்கறேன்.

— முப்பத்தெட்டு மழையா?

— அதாகப்பட்டது... முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா உக்காந்தவன் நான். ஒரு சிக்னலைப் பாத்தா எத்தனை செகண்டுக்கு விழுதுன்னு எண்ணாம இருக்க முடியல. தொழில் புத்தி.

— அதுக்கு ஓடுற படம் ஒண்ணு போதுமே. மீதி முப்பத்தேழையும் ஏன் பாதியில நிறுத்தி வெச்சிருக்கீங்க? அப்படி நிறுத்தினா ஒவ்வொண்ணும் மெமரியைப் பிடிச்சுக்கிட்டு விடாது மாமா. படத்து மூலையில மணியைப் பாருங்க. எட்டு பத்து. எட்டு பத்து. எட்டு பதினொண்ணு. இருங்க இருங்க, இந்த மஞ்சக் குடை...

— சிக்னலைப் பாரும்மா, குடையை ஏன் பாக்கற?

— இதுலயும் மஞ்சக் குடை. இதுலயும். இதுல வெயில் பளீர்னு அடிக்குது, அப்பவும் குடை. இடது தோளைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறா. மாமா, இது அவதானே?

— மெமரியைப் பாக்க வந்தியா, குடையைப் பாக்க வந்தியா?

— சொல்லுங்க.

— அவதான். நீ காட்டின மறுநாள் அதே நேரத்துக்கு நானே தொறந்து பாத்தேன். கண்ணுல பட்டா. முகம் தெரியல, கடுகளவுதான் இருந்தா. பெத்தவனுக்கு நடையைப் பாத்தா தெரியாதா? ஆபீஸ் போற வழி போலிருக்கு. தினமும் எட்டு பத்து, பிசகறதே இல்ல. நிமிஷம் பாத்து பஸ்ஸை அனுப்பினவன் பொண்ணாச்சே.

— அவ வந்ததும் நிறுத்திடுவீங்களாக்கும்?

— பின்ன? படமா எடுத்து வெக்கத் தெரியல. யார்கிட்டப் போய்க் கேக்கறது? உன் மாமியார்கிட்டயா? “பேசவும் மாட்டீங்க, திருட்டுத்தனமாப் பாக்கவும் செய்வீங்களா”ன்னு மானத்தை வாங்கிடுவா. அதான், அன்னன்னிக்கு நிறுத்திட்டு, மறுநாளைக்கு இன்னொண்ணு தொறந்துக்குவேன். மூடினாப் போச்சே!

— அதுக்கு ஒரு போன் போட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?

— வாயை விட்டவன் நானாச்சே. “நான் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த வேலையை உதறிட்டுப் போறல்ல, இனிமே எனக்கு போன் பண்ணாதே”ன்னேன். ரெண்டு வருஷம் ஆச்சும்மா. சொன்னா சொன்னபடியே இருக்கா. ஒரே ஒரு தடவை என் பேச்சை மீறக் கூடாதா?

— பிடிவாதத்துல உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா.

— சரி சரி, சீக்கிரம் பாரு. இங்கே மத்தியானம் ஆனாலும் அங்கே இப்பத்தான் காலையில மணி எட்டு ஆகப்போகுது. காலையிலேர்ந்து இந்தப் பெட்டி திணறுது. இன்னிக்கு அவளைப் பாக்க முடியாமப் போயிடுமேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

— இதோ, இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினா படமா விழுந்துடும். எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போடறேன். அப்புறம் தாராளமா மூடலாம்.

— ஒண்ணு கூட விட்டுடாதே.

— விட மாட்டேன். பதிமூணு... பதினாலு... மாமா, இது ஞாயித்துக்கிழமை.

— ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்குறானுங்க, படுபாவிங்க.

— இதுல பச்சை விழுந்தும் கடக்காம நிக்கிறா. தலையைத் தூக்கி மேல பாக்கறா.

— சிக்னலைப் பாக்கறா. பாத்துக் கடக்கணும்னு சின்ன வயசுலயே கைபிடிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கேன்ல.

— சிக்னல் எதிர்ப்பக்கம் இருக்கு. அவ பாக்கறது கேமரா பக்கம்.

— எதையோ பாத்துட்டுப் போறா, நீ வேலையைப் பாரு. பெட்டி படுத்துடுச்சா?

— பெட்டி நல்லாயிட்டுது. முப்பத்தாறு சதவீதம்தான். படமெல்லாம் பத்திரமா இருக்கு. மாமா, நீங்க மழை கேட்ட அன்னிக்கு சாயங்காலம் அவகிட்ட போன்ல பேசினேன். “உன் ஊர் மணி எட்டு பத்துக்கு உங்கப்பா அந்த முக்கு சிக்னலை கேமராவுல உத்து உத்துப் பாத்தார்”னு விளையாட்டாச் சொன்னேன். அப்புறம் நானே மறந்துட்டேன்.

— சொன்னா சொல்லிட்டுப் போ. அந்த ஓடுறதைத் தொற, எட்டு ஒம்பது ஆச்சு.

— தொறந்தாச்சு. இனிமே நிறுத்த வேண்டாம், ஓடட்டும்.

— வந்துட்டா! அதோ குடை! பாத்தியா, டாண்ணு வந்துட்டா! நீ எதுக்கும்மா கண்ணைத் தொடைக்கற? ஆமா, அவ ஆபீஸ் அந்த முக்குலேர்ந்து எவ்வளவு தூரம்? நடந்தே போயிடுவாளா?

— இல்ல மாமா. அவ வீடும் ஆபீஸும் ஊருக்கு அந்தக் கோடியில. இந்த முக்குக்கு வர ரெண்டு பஸ் மாறணும்.