அன்னம்மாள் இருக்க வேண்டிய இடம்

கடலையும் கரையையும் காக்கும் இறைவனுக்கு முதல் வணக்கம். தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் வாகனச் சாரதிகள் சங்கத் தலைவர் ஸலாஹுதீன் நானா அவர்களே, நாளை நம் வண்டிகள் மீது தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கவிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எத்தாளைக் கரையின் பெரியோர்களே, வலையை உலரவிட்டு வந்த அண்ணன்மாரே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மாரே, உங்கள் அனைவரையும் கரம் கூப்பி வணங்குகிறேன்.

நான் சுதர்சினி. மறைக்கல்வி ஆசிரியை. வான் ஓட்டும் நிக்கொலஸின் மனைவி. உங்களை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மற்றக் கண் எப்படிப் போனது என்று ஊர் பலவிதமாகக் கதைத்துவிட்டது. இன்று என் வாயால் கேளுங்கள்.

சண்டை ஓய்ந்தது. சோதனைச் சாவடிகள் ஓய்ந்தன. மூடிய பாதைகள் திறந்தன, மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போக நம் ஊருக்கும் ஜப்பான் வான்கள் வந்தன. எங்கள் வான் வந்த அன்று என் கணவர் செய்த முதல் வேலை என்ன? சிரிக்காதீர்கள், நீங்கள் அத்தனை பேரும் செய்த அதே வேலைதான்! புனித அன்னம்மாளின் சுரூபத்தை வாங்கிவந்து, பசை பூசி, என் இருக்கைக்கு முன்னால் டாஷ்போட்டில் ஒட்டினார். "உனக்கு முன்னாலதான் ஒட்டுறன், சுதா. அன்னம்மா உன்னப் பாத்துக்கொள்ளுவா" என்றார். அத்தனை அன்பு அந்தக் கையில் இருந்தது.

ஒருநாள் அந்திப்பொழுது. கற்பிட்டிப் பாதையில் கழுதையொன்று குறுக்கே பாய்ந்தது. அதைக் கொல்லக்கூடாதென்று அவர் வண்டியைத் திருப்பினார். வான் நேரே போய் மதகுச் சுவரில் மோதியது. அப்போது விரிந்தது எயார்பேக் என்று நாம் சொல்லும் காற்றுப்பை.

அது எப்போது விரியும்? பிரேக் பிடித்தால் விரியுமா? விரியாது. குழியில் விழுந்து எழும்பினால்? அதற்கும் விரியாது. பின்னால் ஒருவன் வந்து இடித்தால்? அதற்காக முன்பக்கத்துப் பை விரிவதில்லை. முன்பக்கம் பலமாக மோதி, ஓடுகிற வண்டி சடுதியாக நிற்கும்போது, அந்தச் சடுதியை உள்ளே ஒரு கருவி உணர்கிறது. உணர்ந்ததும் ஒரு பொறி பற்றுகிறது. பொறி பற்றியதும் வாயு பிறக்கிறது. டாஷ்போட்டின் மூடி பிளந்து பை வெளியே பாய்கிறது. கண்ணிமைக்கும் நேரம் என்று சொல்வோமே, அதற்கும் முந்திவிடும் அது. என் கண் மூடவில்லை, அம்மா! மூட நேரமிருக்கவில்லை.

அந்த மூடியின் மேல்தான் அன்னம்மாள் நின்றாள்.

காற்றுப்பைக்குச் சுரூபம் தெரியுமா? அன்பு தெரியுமா? தன் வழியில் நின்றதைத் தள்ளிக்கொண்டு வந்தது. சாந்துச் சுரூபம் என் முகத்தில் உடைந்தது. "அன்னம்மா கோவிச்சிட்டா" என்றார்கள் சிலர். அந்தக் கதையைக் கேட்டு என் கணவர் கோயில் வாசலே மிதிக்காமல் கிடந்தார். அது எனக்குக் கண்ணைவிட வலித்தது. பிறகு வண்டியைத் தன் கராஜில் பார்த்த ஸலாஹுதீன் நானாதான் சொன்னார்: "தங்கச்சி, பையில பிழ இல்ல. அது ஒங்கட உசிரக் காப்பாத்தத்தான் வந்திச்சி. வழியில இருந்தத நாமதான் வெச்சோம்."

உண்மை! பெல்ட் என்னை இழுத்துப் பிடித்தது, பை என் தலையைத் தாங்கியது, அதனால்தான் இன்று நான் பேசுகிறேன். ஆனால் பிள்ளையை மடியில் வைத்து முன் சீட்டில் இருக்கும் தாய்மாரே, உங்கள் பிள்ளையின் தலை இருப்பதும் அதே வழியில்தான். பிள்ளைகளைப் பின்னால் இருத்துங்கள். பெல்ட் போடுங்கள். அந்த மூடிமேல் பூச்செண்டும் வேண்டாம், போனும் வேண்டாம்.

என்ன றொமேஷ் தம்பி? சத்தமாகக் கேள்.

"அப்ப அன்னம்மாவக் கழட்டி வீசச் சொல்றியளோ, அக்கா? நாளைக்கு ஆசீர்வாதம். வெறும் வானையோ கொண்டு போறது?"

வீசச் சொல்வேனா? நானா? இதோ இருக்கிற உன் மனைவி யூஜினி நிறைமாதக்காரி, நாளைக்கு அந்த முன் சீட்டில்தானே வரப்போகிறாள்? அவளுக்கு முன்னால் சுரூபம் நிற்பது காவலா, ஆபத்தா? நீயே சொல். அன்னம்மாளுக்கு உன் வீட்டில் இடமில்லையா?

எழும்பிப் போகிறான். போகட்டும், விடுங்கள், கூப்பிட வேண்டாம். எனக்கும் கோபம் வந்ததுதான், என் கணவருக்கும் வந்ததுதான். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாளை ஆசீர்வாதத்துக்கு வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஒன்றிலாவது அந்த மூடி வெறுமையாக இருந்தால், என் கண் போனது வீணில்லை. ஒன்றே ஒன்று இருந்தால்...

பொறுங்கள். அங்கே பந்தல் வாசலில் யார்? றொமேஷா? கையில் என்ன தம்பி, துவாய்த் துணியால் சுற்றி வைத்திருக்கிறாய்?

அம்மா தாயே! கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்!

மேடைக்கு வேண்டாம், தம்பி. யூஜினியின் கையில் கொடு. அவள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். இனி அவளுக்கு முன்னால் வெறும் மூடிதான். அது போதும்.

கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.