அந்த இடத்தில் கை தட்டாதீர்கள்

அவைத் தலைவர் குமாரதாஸ் அவர்களே! எல்லைப் போராட்டத்தில் இளமையைத் தொலைத்த பெரியவர்களே! பிள்ளைகளை ஊர்வலத்துக்கு அனுப்பிவிட்டு அடுப்பு மூட்ட மனமின்றி வாசலில் நின்ற தாய்மார்களே! தோரணம் கட்டிய தோழர்களே! இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

நவம்பர் முதல் தேதி பிறந்தது. குமரி மண் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. வெடி வெடித்தோம், வெல்லம் வழங்கினோம், வெற்றி வெற்றி என்றோம். யார் தந்த வெற்றி? யார் இரத்தம் சிந்திய வெற்றி? அதைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

அதோ, முன்வரிசையில் துண்டால் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாரே, அவர் இஸ்ரவேல். வேதக்கோவிலில் அவர் புல்லாங்குழல் வாசிக்கும் நாளில் பாதிரியாரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். (சிரிக்கலாம், உண்மைதான்.) இரண்டாண்டுக்கு முன் மார்த்தாண்டம் நோக்கிப் போன நம் ஊர்வலத்தின் முன்னால் அவர் வாசித்துக்கொண்டே நடந்தார். கையில் கம்பு உண்டா? கல் உண்டா? கத்தி உண்டா? குழல் ஒன்றுதான் உண்டு! அந்தக் குழலின் மேலேயே விழுந்தது தடி. குழல் பிளந்தது, உதடு கிழிந்தது, முன்பற்கள் உதிர்ந்தன. அந்த வாய் இனி ஒருநாளும் ஊதாது.

அடித்த காக்கிச் சட்டைக்காரர் பெயர் பொன்னுலிங்கம். போலீஸ் பேண்டில் குழல் வாசித்தவர்! குழல்காரர் வாயைக் குழல்காரரே உடைத்தார். இன்று இங்கே வாசிக்கப் போகிறவரும் அவர்தான்.

அமைதி, அமைதி! "எறக்கி விடுங்கடே அவன!" என்று பின்னால் கத்துகிற அன்பரே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் இரத்தம் கொதிக்கிறது. நான் முடிக்கும்வரை பொறுங்கள்.

போலீஸ் வேலையை விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கப் பொன்னுலிங்கம் இஸ்ரவேல் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மனைவி ஜெபகுமாரி கேட்டார்: "எதுக்கு வந்தீரு? மிச்சமிருக்க பல்லையும் பறிக்கவா?"

உள்ளிருந்து இஸ்ரவேல் வந்தார். குழறிக் குழறிச் சொன்னார்: "மன்னிக்க எனக்கு மனசில்ல. எனக்க நெஞ்சுக்குள்ள ஒரு உருப்படி கெடக்கு. ஊத வாயில்ல. நீரு ஊதும்."

முனகி முனகியே அந்த இசையைச் சொல்லிக் கொடுத்தார். மிருதங்கம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, தனிக்குழல். முதலில் ஊர்வலம் நடக்கும், நடை விரையும், சட்டென்று பாதிச் சுரத்தில் அறுந்துவிடும். அங்கேதான் தடி விழுந்தது. அந்த இடத்தில் கை தட்டாதீர்கள்! முடிந்ததென்று எழுந்துவிடாதீர்கள்! மறுபாதி இருக்கிறது. ஆனால் இஸ்ரவேல் கை தூக்கினால்தான் அது தொடங்கும். அப்படித்தான் அவர் அமைத்திருக்கிறார்.

ஒத்திகைதோறும் பொன்னுலிங்கம் குழலை உதட்டில் வைத்தபடியே நின்றார். இஸ்ரவேலின் கை எழவில்லை. மறுபாதியைத் துண்டு துண்டாகப் பாடம் பண்ணியதோடு சரி, தொடர்ந்து ஒருநாளும் வாசித்ததில்லை. ஒருநாள் தாங்கமாட்டாமல் அழுதேவிட்டார்: "ஒருக்கா கையத் தூக்குங்க அண்ணாச்சி, நிக்க முடியல்ல."

"எனக்கும்தான் முடியல்ல," என்றார் இஸ்ரவேல். "கை எழும்பல்லியே, நான் என்ன செய்ய?"

பெரியோர்களே! எல்லைக்கோட்டை மாற்றி வரைந்துவிட்டோம். உடைந்த வாய் ஒட்டியதா? உதிர்ந்த பல் முளைத்ததா? அடித்தவரும் அடிபட்டவரும் இனி ஒரே சந்தையில் மீன் வாங்க வேண்டும், ஒரே வண்டிக்குக் காத்து நிற்க வேண்டும். எப்படி? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இருந்தால் மேடைக்கு வரலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கை தூக்கும்படி யாரும் அவரைக் கெஞ்சக் கூடாது. நாட்டுக்காக என்று சொல்லக் கூடாது, நல்ல நாள் என்று சொல்லக் கூடாது, கர்த்தர் பெயரையும் சொல்லக் கூடாது. அது அவருடைய கை. எழுந்தால், மறுபாதியைக் கேட்போம். எழாவிட்டால், அவரோடு சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவோம்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். பொன்னுலிங்கம், முன்னால் வாரும். எங்களைப் பார்க்க வேண்டாம், அவருக்கு நேராக நில்லும்.