கை கழுவுனீகளா?

எங்கள் வார்டில் சோப்பு தீர்ந்ததே இல்லை. எனக்கு அதுதான் கவலை.

நான் இசைவாணி. சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீக்காய வார்டில் நர்ஸ். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெந்த உடம்புக்குத் தோல் என்ற காவல் கிடையாது, சார். நம் விரலில் ஒட்டியிருப்பது நேராக ரத்தத்துக்குப் போய்விடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் குழாயைத் தாண்டிப் போவார்கள். காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் சொல்லிப் பளபளவென்று சுவரொட்டி அடித்து ஒட்டினேன். டாக்டர் சபரிநாதன் அதைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கழுவாத கையோடு ரவுண்ட்ஸ் போனார். கூட வேலை பார்க்கும் பொன்மணியிடம் கேட்டால், "இப்பத்தானக்கா கழுவுனேன்" என்பாள். கை காய்ந்து கிடக்கும்.

என் அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். அந்த அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், மருந்தில் பொறி தட்டாது. சீசன் அவசரத்தில் யாரும் வைப்பதில்லை. "பக்கத்துக் கம்பெனில சத்தம் கேட்டா, கொஞ்ச நாளைக்குக் கை தன்னால அங்கன போகும்மா" என்பார் அப்பா.

எங்கள் வார்டிலும் அதே கதைதான். மழைக்காலத்தில் புண்ணில் கிருமி ஏறி ஒருவர் இறந்தபோது, டாக்டரே குழாயடியில் காத்து நின்றார். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லோரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். பிறகு பயம் தெளிந்தது. எல்லோரும் குழாயை மறந்தார்கள்.

சோலையம்மாள் வெம்பக்கோட்டைக்காரி. கையிலும் தொடையிலும் காயம், ஆறிவந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவர் இறந்தால் யாருக்கும் பயம் வராது.

பக்கத்துக் கட்டிலில் சீழ் பிடித்த புண்ணின் கட்டைப் பிரித்தேன். கையுறையை மாற்றாமல் அவளிடம் போனேன். கட்டுப் போட வருகிறவர்களிடம் கேட்கச் சொல்லி எல்லா நோயாளிகளுக்கும் ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருந்தேன். கூச்சத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அன்று அவள் கேட்டாள்.

"கை கழுவுனீகளா, நர்சம்மா?"

"கழுவிட்டேன்மா."

நம்பிக் கையை நீட்டினாள்.

காய்ச்சல் ஏறியது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. "நல்லாத்தான இருந்தா" என்று அவள் கணவன் பாண்டி எல்லோரையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். குளிர் தூக்கிப்போடும்போது, "பயமா இருக்கு, இங்கனயே இருங்க" என்றாள். கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் பயமாக இருந்தது, அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுவிடுவாளோ என்று.

அவளுக்குப் பிறகு வார்டே ஒழுங்காகக் கழுவியது. நேற்று பொன்மணி மறுபடியும் குழாயைத் தாண்டிப் போனாள். உடனே என் கண் கட்டில் கட்டிலாகப் போனது, யார் நன்றாகத் தேறிவருகிறார்கள் என்று. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார். கை கழுவாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், முழங்கை வரை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன்.