சாவி சிங்கப்பூரில்

“சாவி சிங்கப்பூர்ல இருக்கு, வெங்காயம் இங்க அழுகுது” என்றார் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் பேருந்து, வெளியே அடைமழை. அவர் மடியில் ஒரு தொட்டி. வெங்காயத் தாளெல்லாம் பூஞ்சை பூத்துத் துவண்டு கிடந்தது.

“தண்ணி கூடிப்போச்சா ஆச்சி?” என்றார் அவர் பக்கத்தில் இருந்த ஊர்க்காரர்.

“தண்ணியே ஊத்தல. வீட்டு ஈரம் போக வழியில்ல. நர்சரியில மருந்து கேட்டா, காத்தோட்டந்தான் மருந்துன்னு அனுப்பிட்டாக.”

“வாசல்ல வைக்கலாமே?”

“குரங்கு பிடுங்குது. பின்கட்டுக் கதவைத் தெறந்தா காத்து நேரா ஓடும். அது எங்க வீட்டுக்காரரோட பங்காளி பங்கு. பூட்டி வச்சிருக்காக.”

“சாவியக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். வெங்காயத்துக்கா கதவைத் தெறக்கச் சொல்றீகன்னு போன்ல சிரிக்கிறாக.”

“போன மாசம் கல்யாணத்துக்கு வந்தாகளே?”

“வந்தாக. மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘வீடே ஈரவாடை அடிக்குது, கதவு ஜன்னலைத் தெறந்து போட மாட்டீகளா’ன்னு எங்கிட்டயே கேட்டாக. கேட்டுட்டு, போறப்ப அந்தக் கதவைப் பூட்டிச் சாவியக் கொண்டுபோயிட்டாக.”