மேற்படி உடலும் சர்வ சுதந்திர பாத்தியமும்

பெயர்: அஃப்ஷா, வயது 52, க/பெ வாஹித் பாஷா, பள்ளிவாசல் பின்தெரு, ஆம்பூர்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். புகார் கொடுத்த கவுஸ் பாஷா என் தம்பி. அவனைச் செருப்பால் அடித்தது உண்மை. ஏன் அடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மூத்த அண்ணன் ரஷீத் அஹமது கல்யாணம் ஆகாதவர், நுரையீரல் கெட்டுப்போனவர். தனக்கு மூச்சுக் குழாய் போடக்கூடாது என்றும், நினைவு தப்பினால் நானே முடிவு சொல்ல வேண்டும் என்றும் 2019-ல் எழுதி வைத்தார். எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தருக்கு வீடு, மனை விற்கிற பத்திரம்தான் எழுதத் தெரியும். ஆகவே ‘பொது அதிகாரப் பத்திரம்’ என்று தலைப்புப் போட்டு, ‘மேற்படி உடலைப் பொறுத்து என் தங்கை சர்வ சுதந்திர பாத்தியத்துடன் முடிவெடுக்கலாம்’ என்று எழுதிவிட்டார். அண்ணன் படித்துப் பார்த்து, ‘நல்லவேளை, நாலு எல்லை எழுதாம உட்டான்’ என்று சிரித்தார்.

அதன் பின்பு சென்ற செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு மூச்சுத் திணறி, வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் போட வேண்டி வரும் என்றார்கள். நான் பத்திரத்தை நீட்டினேன். ஆஸ்பத்திரி வக்கீல் படித்துவிட்டு, 2019-ல் இருந்த சட்டப்படி மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும், இதில் நோட்டரி மட்டும்தான் இருக்கிறது, இப்போது நோட்டரியே போதும், ஆனால் பழையது செல்லுமா என்று விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்றார். போதாக்குறைக்கு இது ‘பவர்’ மாதிரி இருக்கிறது, பவர் கொடுத்தவருக்கு நினைவு போனால் பவரும் போய்விடும் என்றார். நினைவு போனால்தானே சார் எனக்கு வேலையே என்று கத்தினேன்.

பவர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கவுஸ் பாஷா, ‘ஆபா, பாய்ஜான் வீட்ட எழுதி வாங்கிட்டியா?’ என்று என்னைக் கேட்டு, பத்திரத்தைப் பிடுங்கிக் கிழித்தான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. காலில் இருந்ததைக் கழற்றி முதுகில் ஒன்று வைத்தேன்.

அந்தக் கூச்சலில், மயக்கமாகக் கிடந்த அண்ணன் கண் திறந்து ஆக்சிஜன் மாஸ்கை விலக்கி, ‘இன்னாடா பேஜார் பண்றீங்க? நான் இன்னும் போவல. குழாய் வேணாம், அவ்ளோதான்’ என்றார். அவரே தெளிவாகச் சொல்லும்போது பத்திரமே தேவையில்லை என்றார் டாக்டரம்மா. வக்கீலே ஓடிப்போய் நோட்டரியைக் கூட்டி வந்தார். ‘பவர்’ என்ற பேச்சே இல்லாமல் புதிதாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அதற்குள் கவுஸ் கோபித்துக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்துவிட்டான்.

அதன் பின்பு வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு நினைவு தப்பியது. டூட்டி மாறி வந்த டாக்டர், விவரம் தெரியாமல், குழாயைக் கையில் எடுத்தார். நான் பத்திரத்தை எடுக்கப் பையைத் துழாவினேன். கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவே போய் நின்றவன் கவுஸ் பாஷா. ‘வேணாம் சார். எங்க பாய்ஜான் வேணாம்னு சொல்லிட்டாரு. நீங்க ஆபாவக் கேளுங்க’ என்றான். நான் வேண்டாம் என்றேன். சட்டப்படி பார்க்க வேண்டிய இரண்டு டாக்டர் குழுக்களும் பத்திரத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டன. மறுநாள் அண்ணன் காலமானார்.

தம்பியை அடித்ததற்கு வருந்துகிறேன். இன்னொரு முறை கிழித்தால் இன்னொரு முறை அடிப்பேன், அதையும் எழுதிக்கொள்ளவும். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அஃப்ஷா