ஒத்தையில் மடை காத்தது

வடகரப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் விவசாயத் தம்பதி இருந்தார்கள்.

"தலை சுத்துனாத்தானே பிரஷர் மாத்திரை? எனக்கு ஒண்ணுமே தெரியலயே, புள்ள" என்றார் கணவர்.

"தெரியாதுங்க மாமா. பிரஷர் ஏறி ரத்தம் வேகமா வந்தா கிட்னி தன்னோட குழாயச் சுருக்கிக்குமாம். டாக்டர் சொன்னாருல்லங்க."

"வாய்க்கால்ல தண்ணி மிஞ்சுனா நாம மடையச் சுருக்கற மாதிரியா?"

"நாம மறுநா தொறந்து உட்டுருவோம். அது வருசக்கணக்கா சுருங்கியே நின்னு, குழாயே இறுகிப்போச்சாமுங்க. இப்பக் கிட்னிக்கே ரத்தம் பத்தலயாம். மிச்சத்தக் காப்பாத்தோணும்னா மாத்திரையத் தினமும் போடோணும்."

அவர் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் அது ஒத்தையில மடை காத்துச்சா?"

மனைவி மடியிலிருந்த மருந்துப் பையைப் பிரித்தார்.

"மாத்திரைய எடு" என்று கையை நீட்டினார்.