சந்தில் ஓடவிட்ட எழுத்து

மேனேஜர் சார், இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். நாளை காலை இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைமை. சொல்லாமல் பேசினால் முதுகில் குத்தினேன் என்பீர்கள். அதனால் நான் பேசப்போவதை முன்கூட்டியே அனுப்புகிறேன்.

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனிடம் திட்டு வாங்கியே தொழில் படித்த தோழர்களே, வணக்கம்.

நம் தலைமை எழுத்து வடிவமைப்பாளர், நாம் எல்லோரும் ‘சாய்வண்ணன்’ என்று கூப்பிட்ட பெருந்தகை, போய்விட்டார். எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து இந்த மனுஷன் கழுத்தும் சாய்ந்துவிட்டது என்று அண்ணியே கிண்டல் செய்வார்கள். அவர் வரைந்த தடித்த சாய்வெழுத்து இந்த அலுவலகத்துக்கே சோறு போட்டது. பஸ்ஸின் பக்கவாட்டில், டயர் விளம்பரத்தில், தள்ளுபடித் தட்டியில் அது எப்படி இருந்தது? நின்ற இடத்திலேயே ஓடியது. தன் பாட்டுக்குப் போகிறவனையும் சட்டையைப் பிடித்து இழுத்தது. உடம்பெல்லாம் சதை, நடுவே ஊசி நுழையத்தான் இடம்.

சேர்ந்த புதிதில் ஒரு முழுப் பத்தியையும் அதில் அடுக்கிக்கொண்டு போய் நின்றேன். “ஏம்மா, இது பந்தயக் குதிரை. மைதானத்துல விடு, அழகா ஓடும். சந்துல விட்டா சுவத்துல முட்டும். குறுக்க வர்ற ஆளையும் மிதிக்கும்” என்றார்.

சந்தில் விட்டது யார்?

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் லேபிள் முழுவதும் அதே எழுத்தில் வேண்டும் என்றது மருந்து கம்பெனி. பெயர் மட்டும் அதில் இருக்கட்டும், கொடுக்கிற அளவு வேண்டாம் என்றார் அண்ணன். பொடியாக அச்சிட்டால் ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கும் புள்ளியை அந்தத் தடிமன் விழுங்கிவிடும், ஒன்றரை மில்லியைப் பதினைந்து என்று படிப்பார்கள் என்றார். விற்பனைப் பிரிவில் என்ன சொன்னார்கள்? “அண்ணன் பெத்த பிள்ளையாச்சே, வெளிய விட மனசு வரல.” சிரித்தார்கள். தலைவர் அவர்களே, நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். லேபிள் அப்படியே அச்சேறியது.

என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பாட்டில் என் வீட்டுக்கே வந்தது. லேபிளில் இருக்கிறபடி கொடுங்கள் என்றார் டாக்டர். அளவு மூடி நிறைய ஊற்றிவிட்டேன். இவ்வளவா என்று சந்தேகம் வந்து, அது நம் லேபிள் என்பதால் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“வாயில வச்சுட்டியா?”

“இல்லண்ணே.”

“கீழ கொட்டு. அது ஒண்ணரைம்மா. வெறும் ஒண்ணரை.”

மறுநாளே உங்கள் அறைக்கு வந்து அந்த லேபிளை நிறுத்தச் சொன்னார். “அப்புறம் பாக்கலாம்” என்றீர்கள். அந்த அப்புறம் வருவதற்குள் அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

இன்று இந்தப் பதாகையில் ‘கண்ணீர் அஞ்சலி’யையும் அதே எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பாதி விலைக்கு அழுகிற மாதிரி இருக்கிறது. போகட்டும், பதாகையைப் படித்து யாரும் பிள்ளைக்கு மருந்து ஊற்றப்போவதில்லை. ஆனால் மவுன அஞ்சலி எதற்கு? அவர் தொண்டை வறளச் சொன்னபோதெல்லாம் மவுனமாகத்தானே இருந்தோம், அது போதாதா?

தோழர்களே, அண்ணனின் எழுத்தை ஓட இடமுள்ள இடத்தில் மட்டும் ஓடவிடுவோம். மருந்தின் அளவைச் சொல்ல, நிமிர்ந்து நிற்கிற, நடுவே வெளிச்சம் புகுகிற எழுத்தை வைப்போம். அந்த லேபிளின் இரண்டாம் அச்சு இன்று மதியம் இயந்திரத்தில் ஏறுகிறது. அதை ஏற விடமாட்டோம். அவருக்கு நம்மால் முடிந்த அஞ்சலி அதுதான்.

சார், உரை இவ்வளவுதான். அச்சை நிறுத்திவிட்டு, கடைக்குப் போன பாட்டில்களைத் திரும்ப வாங்கச் சொல்லி மருந்து கம்பெனிக்கும் தெரிவித்துவிட்டால், நீங்கள் செய்ததையே மேடையில் சொல்வேன். இல்லையென்றால் அண்ணி முன்னால் இதை ஒரு வரி விடாமல் படிப்பேன். அந்தப் பாட்டில் இந்நேரம் எந்த வீட்டில் திறந்திருக்கிறதோ, எனக்குத் தூக்கம் வரவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.